‘நாம’ என்றொரு பிழை

“நீயும் வந்துடு நெட்டை.”

“மிதிடி. சத்தம் குறையுது.”

“மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன். பேச்சை மாத்தாதே. வர்றியா, இல்லையா?”

“அம்மாவை யார் பாத்துப்பாங்க? சுவரா?”

“அம்மாவையும் கூட்டிட்டு வா.”

“வருவாங்களா அவங்க? மூத்தவர் தும்மினாக்கூட அதுல ஏதோ செய்தி இருக்குன்னு நம்பறவங்க. இதோ பார் ஊசி, அம்மா இருக்கற வரைக்கும் என்னைக் கேக்காதே. நீ கேட்டுக்கிட்டே இருந்தா நான் வந்துடுவேன். அப்படி வந்துட்டா என்னையே எனக்குப் பிடிக்காமப் போயிடும்.”

“சரி, நான் கேக்கல. உனக்கா எப்போ தோணுதோ அப்போ சொல்லு. எங்க இருந்தாலும் வந்து நிப்பேன்.”

“பாக்கலாம். மிதி, மிதி, காதக்கா திரும்பறா.”

ஊசியும் நெட்டையும் கடைசியாக மனம்விட்டுப் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. ஊசிக்குக் கல்யாணம் ஆகி, சொந்தமாகக் கடை வைத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அவளுக்கு மங்கவில்லை.

இரண்டு பேரும் வளர்ந்த இடத்துக்குப் பெயர் ‘கூடம்’. உயரமான மதில், முன்னால் ஒரு பெரிய வாசல், பின்னால் ஒரு சின்ன வாசல். உள்ளே இருப்பவர்கள் கூடத்தார். மற்ற உலகம் மொத்தமும் வெளியார். கூடத்துக்குத் தலைவர் மூத்தவர். அவருக்கு வயது ஐம்பதுகூட இருக்காது. ஆனாலும் பல் போன கிழவர்கள் வரை அவரை மூத்தவரே என்றுதான் கூப்பிட வேண்டும். நெட்டை சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய அம்மா அவளைக் கையோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஊசியைக் கொண்டுவந்து விட்டவர் அவளுடைய பெரியப்பா. விட்டவர் விட்டவர்தான், திரும்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கூடத்தின் தையல் அறையில் இரண்டு பக்கமும் கால்மிதி மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் போகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் அங்கேதான் தயாராகும். கூலி கிடையாது, அது தொண்டு. வேலை நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. ஆனால் இந்த விதியைப் போட்ட புண்ணியவான் மெஷினின் சத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஓங்கி மிதித்தால் அந்தக் கடகடப்புக்கு அடியில் ஒரு குடும்பக் கதையையே பேசி முடித்துவிடலாம். கால் நின்றால் வாயும் நிற்க வேண்டும். மேற்பார்வைக்கு இருந்த காதக்கா குண்டூசி விழுந்தாலும் கேட்கிற ஆள். காதக்கா என்று பெயர் வைத்ததே நெட்டைதான்.

அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு திருட்டும் நடந்தது. கூடத்தில் ‘நான்’ என்று சொல்லக் கூடாது; இவர்கள் இருவரும் மெஷின் சத்தத்தில் மட்டும் அதைச் சொல்லிக்கொள்வார்கள். பசித்தால் ‘இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது’ என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் அதுவும் இந்தப் பிள்ளைக்குத்தான் வரும். கூடத்தார் தங்களுக்குள் பேசும்போது ‘நாம’. வெளியாரிடம் பேசும்போது ‘நாங்க’. வெளியார் ஒருவரைப் பார்த்து வாய் தவறி ‘நாம’ என்று சொல்லிவிட்டால் போச்சு, கூடத்துக்குள் அந்நியனைச் சேர்த்த குற்றம். சாப்பாட்டு அறை மூலையில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, யாரும் முகம் கொடுக்காமல் நாள் கணக்கில் சாப்பிட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகூட அங்கே அந்தப் பிழையைச் செய்யாது.

ஊசி செய்தாள். மூட்டை எடுக்க வருகிற வேன்காரனிடம் செய்தாள். அதன் பலனாக இப்போது அவனுக்கு மனைவியாக இருக்கிறாள்.

*

அன்று காலை கடையில் ஊசி ஒரு விடுதியின் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய குண்டூசி. துணியை விரலால் மூன்றாக மடித்து, பிடித்து, வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் குத்தி, அடுத்த மடிப்புக்குப் போவாள். கணவன் ஏணிமேல் நின்று மாதிரிக் கம்பி ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான். தையல் இவள் வேலை, கொண்டுபோய் மாட்டுவது அவன் வேலை. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரை வளையங்களைப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தாள் அத்தை, அதாவது அவனைப் பெற்றவள். அவளுக்கு அது வேலை அல்ல, சாக்கு. கடைக்கு வருகிறவர்களிடம் பேச வேண்டுமே.

கைபேசி அடித்தது. கை ஒழியாததால் ஊசி முழங்கையாலேயே அதைத் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம். நாங்கள் கூடத்திலிருந்து பேசுகிறோம். நாங்கள் உங்களை மறக்கவில்லை. வாசல் உங்களுக்காகத் திறந்தே இருக்கிறது.”

மனப்பாடம் செய்த செந்தமிழ். ஆண்டுக்கு ஒருமுறை, விலகிப் போனவர்களைத் திரும்ப அழைக்கிற வாரம் ஒன்று கூடத்தில் உண்டு. இத்தனை வருஷமும் வேறு யார் யாரோ கூப்பிட்டார்கள், இவளும் ‘சரிங்க, வைக்கிறேன்’ என்று வைத்திருக்கிறாள். இந்தத் தடவை குரல் வேறு.

ஊசி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவசரத்தில் ஒன்று உதட்டைக் கீறியது.

“நெட்டையா?”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, அதுவும் இரண்டு மூச்சு. ஒன்று, மூக்கடைப்போடு உஸ் உஸ்ஸென்று வருகிற மூச்சு. அதை ஊசி செத்தாலும் மறக்க மாட்டாள். காதக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

“சொல்லுங்க,” என்றாள் ஊசி, யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல.

“அம்மா ஒளியில் சேர்ந்துவிட்டார். நாங்கள் அதற்காக மகிழ்கிறோம்.”

ஏணிமேல் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். அத்தையின் கையில் வளையங்கள் அப்படியே நின்றன. கூடத்தில் சாவுக்கு அழக் கூடாது. நெட்டை எந்தச் சுவரைப் பார்த்து அழுதாளோ, யாருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்தாளோ.

“மத்தபடி எல்லாம் அப்படியேதான் இருக்கு,” என்றாள் நெட்டை. செந்தமிழ் முடிந்துவிட்டிருந்தது. “தையல் அறை அப்படியே இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில பின்வாசல்ல நாம மூட்டை ஏத்துவோம்.”

“நாங்க!” என்று வெட்டியது பக்கத்துக் குரல்.

“மன்னிக்கணும். வெள்ளிக்கிழமை காலையில பின்வாசல்ல நாம மூட்டை ஏத்துவோம்.”

“நாங்கன்னு சொல்லு! வெளியார்கிட்ட என்ன நாம வேண்டியிருக்கு?”

“ஃபோன்ல பேசிப் பழக்கமில்ல, நாக்கு குழறுது. நாங்க. நாங்க ஏத்துவோம். பின்வாசல்ல, வெள்ளிக்கிழமை நாம...”

தொடர்பு அறுந்தது.

“பாவம்,” என்றான் கணவன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. “தமிழே மறந்துபோச்சு போல அந்தப் பொண்ணுக்கு.”

ஊசி எழுந்து நின்றாள். மடியில் இருந்த திரை சரிந்து, அவ்வளவு நேரம் வைத்த மடிப்பெல்லாம் கலைந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

“என்னை வரச் சொல்றா,” என்றாள்.

“எங்க சொன்னா? நானும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? மூட்டை ஏத்துவாங்களாம். அவங்க ஏத்தினா நமக்கென்ன?”

“அவங்க ஏத்தினா ‘நாங்க ஏத்துவோம்’னு சொல்லணும். அது செய்தி. ‘நாம ஏத்துவோம்’னா நானும் அவளும் சேர்ந்து ஏத்துவோம்னு அர்த்தம். அது அழைப்பு. மூணு தடவை சொன்னா, கேட்டீங்களா? ஒரு தடவை வந்தா நாக்குத் தப்புன்னு விட்டுடலாம். மறுபடி மறுபடி வந்தா அது நாக்கு இல்ல, மனசு. அதுக்கு என்ன தண்டனைன்னு தெரிஞ்சும் சொல்லியிருக்கா.”

“ஒரு எழுத்துல இவ்வளவு இருக்கா?”

ஊசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “உங்களுக்கு அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. நீங்க மூட்டை எடுக்க வந்தப்ப ஒருநாள், ‘நாம இந்த மூட்டையை ஏத்திடலாமா’ன்னு நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. கனமான மூட்டை. முதுகு பிடிச்சுக்கிச்சு.”

“அதுதான் நான் உங்ககிட்ட முதல்ல காதலைச் சொன்னது.”

அவன் ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீ சொன்னியா?” என்றான் அவன். “அதுக்கப்புறம் எத்தனையோ நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்து, தைரியத்தை வரவழைச்சு, நான்ல சொன்னேன்?”

“நான் சொன்னேன். நீங்க மூட்டையைத் தூக்கினீங்க.”

அத்தை வளையங்களைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள். “நல்லாயிருக்குடா! என் பையன்தான் முதல்ல சொன்னான்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக்கிட்டு இருக்கேன். பொண்ணு வாய்விட்டுச் சொல்லியிருக்கா, இவன் சுமை தூக்கியிருக்கான்.” சிரித்து முடித்ததும் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அந்தப் பொண்ணுக்கு இந்தக் கதை தெரியுமா கண்ணு?”

“தெரியும் அத்தை. அன்னிக்கு மூட்டையோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே அவதான். அதனாலதான் வார்த்தை மாறாம அதையே எடுத்திருக்கா.”

*

ஆசை இருந்தால் போதுமா? ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் ஊசி காவல் நிலையத்துக்குப் போய், அங்கே இருந்த பெண் அதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். பெரிய வாசலைத் திறந்து, மூத்தவரே நெட்டையைத் தோளில் கை வைத்துக் கூட்டி வந்தார். பின்னால் அவளுடைய அம்மா. அதிகாரி கேட்ட கேள்விக்கு நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதில், “நாங்க நல்லா இருக்கோம்.”

அம்மா பின்னால் நிற்கும்போது வேறு என்ன சொல்வாள்? ஊசிக்கு அது புரிந்தது. அதிகாரிக்குச் சட்டம் மட்டும்தான் புரியும்.

“அந்தம்மா வளர்ந்தவங்க,” என்று அன்றே சொல்லியிருந்தாள் அதிகாரி. “உனக்காக நான் அவங்களைத் தூக்கிட்டு வர முடியாது. அவங்க வாயால, ‘நான் போகணும்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் எவன் தடுக்கிறான்னு நான் பாத்துக்கறேன். சொல்லலைன்னா நானும் ஒண்ணும் செய்ய முடியாது, நீயும் செய்ய முடியாது.”

‘நான்’ என்று சொல்லவே விடாத இடத்தில் வளர்ந்தவளிடம் ‘நான்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கேட்டால் எப்படி? ஆனாலும் வேறு வழி இல்லை.

இப்போது மறுபடியும் அதே மேஜை, அதே அதிகாரி. இடையில் அவளுக்கு முட்டிவலி வந்திருந்தது, பதவி உயர்வும் வந்திருந்தது. தேநீரை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“நாங்கன்னு சொல்ல வேண்டிய இடத்துல நாமன்னு சொல்லிட்டாங்க. அதுக்காக நான் வெள்ளிக்கிழமை வேலையெல்லாம் விட்டுட்டு உன்கூடச் சந்துல வந்து நிக்கணும். இதானே?”

“மேடம், உங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு வைங்க. அவங்க ‘நாங்க சாப்பிடப் போறோம்’னு சொன்னா என்ன செய்வீங்க?”

“எழுந்து செருப்பை மாட்டுவேன்.”

“‘நாம சாப்பிடப் போறோம்’னு சொன்னா?”

அதிகாரி தேநீரை வைத்தாள். வாய் மெல்லக் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், மேஜைமேல் தட்டிச் சிரித்தாள். “கையைக் கழுவுவேன்டி! சரி, வர்றேன். ஆனா ஒண்ணு. இதுதான் கடைசி. இந்தத் தடவையும் ‘நல்லா இருக்கோம்’னு சொல்லிட்டா, தொந்தரவு பண்றாங்கன்னு உன்மேல அவங்க புகார் குடுப்பாங்க. அந்தப் பொண்ணை நீ தேடவே முடியாத எடத்துக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் நானே உனக்கு உதவ முடியாது. நல்லா யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேன் மேடம்.”

“இன்னொண்ணு. பதிலை நீ எடுத்துக் குடுக்கக் கூடாது. ஒரு எழுத்துகூட. எடுத்துக் குடுத்தா அது அவங்க வார்த்தை ஆகாது.”

ஊசிக்கு அதுதான் மிகக் கஷ்டமான நிபந்தனையாகப் பட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் அதற்குள் அத்தை வெற்றி விழாவே கொண்டாட ஆரம்பித்திருந்தாள். பின்னறையில் கிடந்த துணிக்கட்டுகளை அப்புறப்படுத்தி, ஜன்னலைத் துடைத்து, கட்டிலை இழுத்துப் போட்டாள்.

“பேரு நெட்டைன்னா எவ்வளவு நெட்டை?” என்று மகனைக் கேட்டாள்.

“கதவு நிலையில குனிஞ்சு வருவாம்மா.”

“அப்ப இந்தக் கட்டில் பத்தாதே. கால் தொங்குமே.” அவள் கால்மாட்டில் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் தலையணையை மடித்துப் போட்டு, தானே படுத்துப் பார்த்தாள். பெட்டி வரைக்கும் கால் எட்டவே இல்லை. “சரியாத்தான் இருக்கும்,” என்று தீர்ப்புச் சொன்னாள்.

“அத்தை, அவ சொல்லுவாளான்னே தெரியல,” என்றாள் ஊசி.

“சொல்லாம என்ன? வாய் இருக்குல்ல?”

“வாய் இருக்கு. வார்த்தை இருக்கான்னுதான் பயமா இருக்கு.”

அத்தை கட்டிலில் படுத்தபடியே அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

*

கூடத்து மூட்டைகளை இப்போது எடுக்கிறவன் கணவனின் பழைய தோழன், மீசைக்காரன். விஷயத்தைச் சொன்னதும் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டான். “எனக்கு வெள்ளிக்கிழமை வயித்துவலி. யார் கேட்டாலும் வயித்துவலி. போயிட்டு வா,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை வேன் பின்சந்துக்குள் நுழைந்தது. அகலமில்லாத சந்து. ஒரு பக்கம் கூடத்து மதில். எதிர்ப்பக்கம் பூட்டுப் பழுது பார்க்கிற கடையும் ஒரு சலவைக் கடையும். அதிகாரி முன்னாலேயே வந்து சலவைக் கடைப் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாதாரண உடை, மடியில் ஒரு பை. பார்த்தால் துணி வாங்க வந்த பெண் மாதிரியே இருந்தது.

சின்ன வாசல் திறந்தது. வெள்ளை அங்கி போட்ட பெண்கள் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றி வெளியே அனுப்பினார்கள். காதக்கா வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில், வாசலுக்கு வெளியே, சந்தில் கால் வைத்து நின்றது நெட்டை. அங்கி அவளுக்கு எப்போதும்போல முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டிருந்தது. கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

ஊசி வேனிலிருந்து குதித்தாள். நேராகப் போய், நெட்டை தூக்கிக்கொண்டிருந்த மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

“கனமாவா இருக்கு?” என்றாள்.

நெட்டை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் மூட்டையை விடவில்லை. இருவரும் சேர்ந்தே அதைத் தூக்கி வேனில் வைத்தார்கள். உள்ளேயிருந்து கணவன் அதை இழுத்துக்கொண்டான்.

“யாரது?” காதக்கா வந்துவிட்டாள். “ஓ, நீயா? வெளியார் இங்கெல்லாம் வரக் கூடாது. போ.”

“இது தெரு அக்கா. தெருவுல எல்லாரும் வெளியார்தான். நீங்க இப்ப நிக்கறதுகூட வெளியிலதான்.”

காதக்கா குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாசல்படிமேல் ஏறிக்கொண்டாள். வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றினாள்.

அதிகாரி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அட்டையைக் காட்டினாள். “போலீஸ். இந்தம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். நீங்க எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க.”

காதக்கா உள்ளே ஓடிய வேகத்தில் மூத்தவர் வந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட மாட்டார். புன்னகையோடு நெட்டையின் பக்கத்தில் வந்து நின்று, சந்தில் இருந்த எல்லாரையும் வணங்கினார்.

“தாராளமா கேளுங்க. ஏற்கெனவே ஒரு தடவை கேட்டீங்க, பதில் கிடைச்சுது. பிள்ளையே சொல்லட்டும்.”

“ஏம்மா,” என்றாள் அதிகாரி, “உனக்கு இங்க இருக்கணுமா, போகணுமா? உன் வாயால சொல்லு. அவசரமில்ல.”

நெட்டை வாயைத் திறந்தாள். சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி நின்றது. பூட்டுக்காரர் அரத்தால் ராவுவதை நிறுத்தினார்.

“இந்தப் பிள்ளைக்கு...”

“எந்தப் பிள்ளைக்கு?” அதிகாரி சுற்றிப் பார்த்தாள். “இங்க பிள்ளை யாரும் இல்லையேம்மா.”

நெட்டை எச்சில் விழுங்கினாள். “எங்களுக்கு...”

“எங்களுக்குன்னா எத்தனை பேருக்கு? அத்தனை பேரையும் ஏத்த வேன்ல எடமில்ல. உன்னைச் சொல்லு.”

ஊசிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ‘நான்னு சொல்லுடி, நான்னு சொல்லு’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கணவன் பின்னால் வந்து அவள் தோளை அழுத்திப் பிடித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெட்டை திரும்பி அவளைப் பார்த்தாள். ஊசி தலையைக்கூட ஆட்டவில்லை. இமைகூடக் கொட்டாமல் அப்படியே நின்றாள்.

மூத்தவரின் புன்னகை அகலமானது. நெட்டையின் தோள்மேல் கையை வைத்தார்.

“பாத்தீங்களா? பிள்ளைக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நாம நல்லாத்தானே இருக்கோம்? இவங்களுக்குச் சொல்லும்மா, நாம நல்லா இருக்கோம்னு.”

நெட்டை தோளைப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போடுவதுபோல, இரண்டு விரலால் அதை எடுத்துக் கீழே விட்டாள்.

“நாம இல்ல,” என்றாள்.

வரிசையில் நின்ற வெள்ளை அங்கிகள் அசைந்தன. காதக்காவின் மூச்சுகூட நின்றுவிட்டது.

“என்னம்மா சொல்றே?” என்றார் மூத்தவர். முதல்முறையாக அவருடைய குரலில் ஒரு கீறல்.

“நாமன்னு சொல்லாதீங்க. நீங்க நல்லா இருக்கீங்க. அம்மா செத்தப்ப நீங்க பாயசம்... வேண்டாம், அதை விடுங்க. நீங்க நல்லா இருக்கீங்க. இந்தப்...” அவள் நிறுத்தினாள். கண்ணை மூடினாள். மேடு ஏறுகிறவள்போல மூச்சை இழுத்துக்கொண்டாள். “நான்.”

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். வானம் இடியவில்லை. சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

“நான்,” என்றாள் மறுபடி, அந்தச் சொல்லின் கனம் எவ்வளவென்று பார்ப்பதுபோல. “நான் நல்லா இல்ல. எனக்குச் சிரிக்கணும். எனக்கு எங்கம்மாவுக்காக அழணும். இவ சொன்னான்னு இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. நானே சொல்றேன். நான் போகணும்.”

அதிகாரி மூத்தவருக்கும் நெட்டைக்கும் நடுவில் வந்து நின்றாள். முட்டிவலி இருந்த இடம் தெரியவில்லை. “கேட்டாச்சு. இனிமே யாரும் கிட்ட வரக் கூடாது,” என்றாள்.

சலவைக் கடைக்காரர் கை தட்டினார், ஏன் என்று தெரியாமலே. பூட்டுக்காரரும் தட்டினார். வெள்ளை அங்கி வரிசையில் ஒருத்தி, கையில் மூட்டையோடு, அழுதுகொண்டே சிரித்தாள். மூத்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

நெட்டை ஊசியின் முன்னால் வந்து நின்றாள். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னைக் கூட்டிட்டுப் போ ஊசி.”